இடது மூலையில் ஒரு ஜின்

எகிப்தில் எங்கள் டமன்ஹூர் நகரத்துக்கு அந்த வாரம் பைத்தியம் பிடித்திருந்தது. ரயிலடிக்குப் பின்னால் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து ஷேக் துல்பா வந்திறங்கியிருந்தார். பெண்களின் கருப்பைக்குள் ஜின் புகுந்து முடிச்சுப் போடுமாம், ஷேக் அவிழ்ப்பாராம். மாடிப்படி முழுக்கப் பெண்கள். கீழே ஒருவன் தாமியா வடை பொரித்து விற்றான். ஜின்னால் நிச்சயமாகப் பலன் அடைந்தவன் அவன்தான்.

ஷேக் திரைக்குப் பின்னால்தான் பார்ப்பார். ஆனால் கடைசிப் படிவரை கேட்கும்படி பேசுவார். ரகசியம் காப்பதில் அவ்வளவு அக்கறை.

உம்மு தஸ்னீம் தன் பதினெட்டு வயது மகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். தஸ்னீமுக்கு இன்னும் மாதவிடாய் வரவில்லை. ஜின்னை விரட்ட அடிவயிற்றில் சூடு போடவேண்டும் என்று சொல்லிவிட்டார் ஷேக். உள்ளே அடுப்பில் கம்பி சிவந்துகொண்டிருந்தது. தஸ்னீம் படியின் கைப்பிடியை விடவே இல்லை.

அப்போதுதான் அவாதிஃப் படியேறி வந்தாள். பிறவியிலேயே கருப்பையோ பிறப்புறுப்போ முழுமையாக வளராத பெண்களுக்கு, சுகாதார நிலையத்தில் வகுப்பு எடுப்பவள். அவளும் அப்படிப் பிறந்தவள்.

"ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டு வான்னு சொன்னேனே, அக்கா."

"உன் கிளாஸ்ல வெக்கங்கெட்ட பேச்செல்லாம் பேசறீங்களாமே."

"நம்ம உடம்பப் பத்திப் பேசறோம். சரி, எனக்கு மொதல்ல வழி விடு. என் ஜின் எங்க இருக்குன்னு பாத்துட்டு வரேன்."

வரிசை கிசுகிசுத்தது. காரணம், முதுகுவலிக்காக அங்கே நின்ற ஹஜ்ஜா நஃபூசா. அவாதிஃபின் பழைய மாமியார். மருமகளுக்குக் கருப்பையே இல்லை என்று, மகன் விவாகரத்து செய்த நாளிலிருந்து, ரொட்டிக்கடையிலும் துக்கவீட்டிலும் ஒலிபரப்பி வந்தவள். ஊரில் அது தெரியாத ஒரே ஆள், வெளியூர்க்காரரான ஷேக். ஜின்களும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"கொழந்த இல்ல, ஷேக்," என்றாள் அவாதிஃப், திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து.

ஷேக் கண்ணை மூடினார். "தெரியுதும்மா. கருப்பைக்குள்ள ஒக்காந்திருக்கான். செவப்பு ஜின்."

"எந்தப் பக்கம்?"

"இடது மூலைல. காலை நீட்டிக்கிட்டு."

வெளியே யாரோ புரையேறி இருமினார்கள்.

"கருப்பை எப்படி இருக்கு, ஷேக்?"

"நல்ல விசாலம். அஞ்சு புள்ளை தாங்கும்."

படிக்கட்டு சிரிப்பில் குலுங்கியது. நஃபூசாவால் பொறுக்க முடியவில்லை. பத்து வருட உழைப்பு வீணாகிறதே. திரையைக் கிழித்துக்கொண்டு நுழைந்தாள்.

"யோவ், அவளுக்குக் கருப்பையே கெடையாது. டாக்டர் படம் எடுத்து என் கையிலயே குடுத்தாரு. என்னைப் பொய்க்காரி ஆக்கறியா?"

"ஜின்... அதை மறைச்சு வச்சிருக்கான்."

"இப்பதான விசாலம்னீங்க," என்றாள் அவாதிஃப். "இல்லாத வீட்டுல அவன் எந்த மூலைல காலை நீட்டினான்?"

ஷேக் சமையலறை வழியாக இறங்கி ஓடினார். ஒரு செருப்பை மட்டும் அருளிச்சென்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். உம்மு தஸ்னீம் சிரிக்கவில்லை. உள்ளே போய், சிவந்த கம்பியைத் துணியால் பிடித்துத் தண்ணீர் வாளியில் முக்கினாள். அது சீறி அடங்கிய பிறகு, தஸ்னீம் எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"அக்கா, எனக்கும் இல்லன்னா? கல்யாணம் பண்ணிக்க முடியுமா?"

"மொதல்ல ஸ்கேன் பாக்கலாம். இல்லன்னாலும் அது யார் தப்பும் இல்ல, நீ பொண்ணுதான். தாம்பத்தியமும் முடியும். தேவப்பட்டா அதுக்கு டாக்டர் சொல்லித்தர்ற பயிற்சி இருக்கு. வேணுமா, எப்போன்னு நீதான் முடிவு பண்ணணும். வேற யாரும் இல்ல. உங்கம்மாவும் இல்ல."

கீழிருந்து ஒரு குரல்: "அந்தக் கிளாஸ் எத்தன மணிக்கு?"

"நாற்காலி போடுவியா?" என்றாள் நஃபூசா. "எனக்கு முதுகு வலி."

கருப்பை இல்லாமல் சிலர் பிறக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைக்குள் மூளை இருந்தும் அதை யாரோ ஒருவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறோமே, வெட்கம் அதற்குத்தான்.