குடல் குழம்பில் நூல் கிடந்த விவரம்

சின்னமனூர்,
கார்த்திகை 12.

அன்புத் தம்பி ஈஸ்வரபாண்டிக்கு அக்காள் முத்துப்பேச்சி எழுதிக்கொள்வது. இங்கன நானும் பசுவும் நலம். உன் மகன் மதன்குமார் உடம்பால் நலம். அங்கன வருசநாட்டில் நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருக்க சுருளி வேலப்பர் துணை. போனில் சொல்லலாம் என்றால், நல்லது பேசும்வரை உனக்குச் சிக்னல் இருக்கிறது, நான் திட்ட ஆரம்பித்ததும் போய்விடுகிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். அஞ்சாப்பு வரை படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விசயத்தில் பிழை இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி எடுத்து வந்து உன் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

ஆபரேசன் டாக்டருக்குப் படிக்கிறான், ஹாஸ்டலைக் கொரோனா வார்டு ஆக்கிவிட்டார்கள், உன் வீட்டிலிருந்து போய்வரட்டும் அக்கா என்று நீதான் கொண்டுவந்து விட்டாய். மூணு வருசப் படிப்பாம். முதல் வருசம் புண்ணுக்குக் கட்டுப் போட்டான், பெரிய டாக்டர்கள் வயிற்றைத் திறக்கும்போது வெட்டிய இடம் மூடாமல் கொக்கி பிடித்து நின்றான். அடுத்த வருசம் கத்தியைக் கையில் கொடுக்க வேண்டும், அந்த வருசம் பார்த்து நோய் வந்து சேர்ந்தது. அவசரமில்லாத ஆபரேசன் எல்லாம் நிறுத்தம் என்று சொல்லி, இவனுக்குப் பிளாஸ்டிக் அங்கியை மாட்டி, ஊர்ச்சனத்தின் மூக்கில் குச்சி விடவும் ஆக்சிஜன் பார்க்கவும் நிறுத்திவிட்டார்கள். இப்போது நோய் தணிந்து ஆபரேசன் அறையைத் திறந்தால் ஆள் வருவதில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பொட்டலமாகத்தான் திரும்புவோம் என்று எல்லாருக்கும் பயம். பரீட்சைக்கு இன்னும் ஆறு மாசம். தன் கையால் அறுத்துத் தைத்தது இத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டுமாம். அந்த நோட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதுசு என்று வாங்கிக்கொள்வான்.

வராத நோயாளிக்குப் பதிலாக என் வீட்டைப் படுக்கப் போட்டிருக்கிறான். கதவுப்பிடி, கட்டில் கால், ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் கறுப்பு நூல் முடிச்சு. ஒற்றைக் கையால் போட்டுப் பழகுகிறானாம். பசுவின் கயிற்றில் ஒன்று போட்டான், அவிழ்க்க முடியாமல் நான் அரிவாளால் அறுக்க, பசு நேரே பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தில் போய் நின்றது. வாழைப்பழத்தைக் கீறி, கீறியதைத் தைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறான். திராட்சை அனுப்பும் அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டு, உள்ளே போனை நிறுத்தி, நீள இடுக்கியை விட்டு, போனில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே திராட்சைத் தோலை உரிக்கிறான். சின்னத் துளை வழியாக வயிற்றுக்குள் வேலை பார்க்க அதுதான் பயிற்சியாம். ஒரு பழத்துக்கு முக்கால் மணி நேரம். உன் மச்சான் இருந்தால் அந்த நேரத்தில் பாதித் திராட்சைப் பந்தலைக் கவாத்து பண்ணியிருப்பாக. இதையெல்லாம் பொறுத்தேன். வைகாசியில் இந்த நோயில் அவுக போனதிலிருந்து, இந்த வீட்டில் திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியாது. என் மகள் சுபாஸ்ரீயின் மாமியார் கஸ்தூரியம்மாள் என்னைத் துக்கம் விசாரித்துப் போக வந்தாக. மருமகனும் கூட வந்தாக. காலையிலேயே மதன் கறிக்கடை ஒச்சாண்டியிடம் ஆட்டுக்குடல் வாங்கி வந்திருந்தான். அத்தைக்கு ஒத்தாசை செய்கிறான் என்று நினைத்தேன். அவன் அதைக் கழுவி, வெட்டி, வெட்டியதைத் தைத்து, குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டுத் தையல் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, சட்டியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். நான் எங்கே கண்டேன். கண்ணாடி போடாமல் துண்டு போட்டுக் குழம்பு வைத்துவிட்டேன். சம்பந்தியம்மாள் இரண்டாவது கவளத்தில் வாய்க்குள் கையை விட்டு இழுத்தாக, இழுத்தாக, ஒரு முழம் நீல நூல் வந்தது. இலையில் அதை வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டாக: "ஏன் சம்பந்தி, இந்த ஆட்ட ஆஸ்பத்திரியிலயா வாங்குனீக?"

அந்த நேரம் உன் மகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், "தையல் பிரிஞ்சிருச்சா அத்தை, அப்படியே இருக்கா?" என்று கரண்டியைக் குழம்பில் விட்டுத் துழாவுகிறான். குக்கரில் ஆறு விசில் வந்தும் மற்றத் தையல் எதுவும் பிரியவில்லை. ஆறு மாசத்தில் அவன் முகத்தில் அன்றுதான் பல்லைப் பார்த்தேன். அதோடு விட்டானா. ஆபரேசன் முடிந்தால் ஊசியை எண்ண வேண்டும் என்பது அவர்கள் பாடமாம். எண்ணினான். அஞ்சில் ஒன்று குறைகிறது என்றான். சம்பந்தியம்மாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாக. ஆட்டோ பிடித்து எக்ஸ்ரே எடுத்து, வயிற்றில் ஊசி இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தால், அது சாமி படத்து வாழைப்பழத்தில் குத்தி நிற்கிறது. இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாக.

அவர்கள் போனதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஏலே, மூணு வருசமா என்னதான்டா கத்துக்கிட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "கட்டுறதுக்குக் கத்துக்கிட்டேன் அத்தை. செத்தவுகளுக்குத் தாடையச் சேத்துக் கட்டணும், கையக் கட்டணும். மாமாவுக்கு நான்தான் கட்டுனேன். வேற யாரையும் தொட விடல."

தம்பி, அன்றைக்கு நம்மை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தினார்கள், உனக்குத் தெரியும். முகத்தைக்கூட அரை நிமிசம்தான் காட்டினார்கள். முன்பின் தெரியாத எவன் கையோ பட்டுத்தான் போனாக என்று ஆறு மாசமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதே வீட்டில் சோறு தின்றுகொண்டு இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தானே என்று கோபமும் வந்தது, எதை முதலில் செய்வதென்று தெரியாமல் பாத்திரம் கழுவினேன். பிறகு அவனே சொன்னான். பரீட்சை எழுதப் போவதில்லையாம், ஆளை அறுக்காமலே ஆபரேசன் டாக்டர் என்று போர்டு மாட்ட அவனுக்கு வெட்கமாம், வருசநாட்டில் உன்னோடு இலவம் பஞ்சு பார்க்கிறானாம். பையைக் கட்டி வைத்துவிட்டான். அந்தப் பையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு சாவுக்கு மேல் இந்த வீடு தாங்காது. பெற்றவன் நீ, வந்து கூட்டிப் போ.

உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பைச் சொல். உன் காடு விளையட்டும், உன் குலம் தழைக்கட்டும், உனக்கு என் ஆயுசில் பாதி சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
முத்துப்பேச்சி

பின்குறிப்பு: ஒட்டின கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கறிக்கடை ஒச்சாண்டியிடம் கொடுக்கப் போனால், அவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குடலிறக்கமாம். ஆபரேசனுக்கு நாள் குறித்த வாரத்தில் ஊரடங்கு வந்து, கொரோனா முடிந்ததும் வா என்று அனுப்பினார்களாம். முடிந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை என்று இரண்டு வருசமாகத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடு உரிக்கிறான். "நீ வித்த கொடலு ஆறு விசில் தாங்குச்சுடா, ஓங்கொடலு தாங்காதா?" என்றேன். மதனிடம் தைத்துக்கொள்ளச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றுவிட்டான். பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மூணு தெரு நடந்தேன். பயந்துகொண்டு வீட்டுக்குள் கிடந்தவர்கள் பதினோரு பேர் தேறினார்கள். கஸ்தூரியம்மாள் சம்பந்திக்கும் முதுகில் ஒரு கட்டி இருக்கிறதாம். வெட்டிக்கொள்ளச் சம்மதம், என் வீட்டில் சாப்பிடத்தான் மாட்டாகளாம். மதனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரிய டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கூட்டி வாங்க, நான் பக்கத்தில் நிற்கிறேன், மதன் செய்யட்டும் என்று சொல்லிவிட்டது. அவன் பையை நான் பிரித்து, துணியை எல்லாம் துவைத்துப் போட்டுவிட்டேன், காய மூணு நாள் ஆகும். ஆகையால் மேலே எழுதியதைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. ஆனால் வெள்ளிக்கிழமை வண்டி கட்டாயம் வேண்டும், பெரிய வண்டியாகப் பார். வருசநாட்டில் இப்படி யார் யார் நோயை ஒளித்து வைத்திருக்கிறார்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வா. உனக்கும் ஒரு வருசமாகக் குடலிறக்கம் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்கிறார் என்று உன் வீட்டுக்காரி நேற்று போனில் அழுதாள். பெற்ற அப்பனை மகன் அறுக்கக் கூடாதாம், உனக்கு டாக்டரம்மாவே செய்யும், மதன் கொக்கி பிடிப்பான். முதலில் ரத்தம் பார்ப்பார்களாம், வெறும் வயிற்றோடு வா.