மெகாசொனிக் டீ-88உம் மாப்பிள்ளையின் குடியும்

செட்டிபாளையம்,
2010 ஆவணி 14

‘கைக்குள் உலகம்’ மாத இதழ் ஆசிரியர் ஐயாவுக்கு,

உங்களுக்கும் உங்கள் கந்தோரில் உள்ள எல்லோருக்கும் முதலில் என் வணக்கம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் புகழ்ந்து எழுதிய போன்கள் சுகமாக இருக்கின்றனவா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். என் பெயர் தனோஜன், வயது பத்தொன்பது. போனைப் பற்றி யாரிடமும் படிக்கவில்லை, எல்லாம் நெட் கபேயில் இருந்து நானே பிடித்துக்கொண்டது. இன்டர்நெட் போரங்களில் ‘டனோ_பட்டி’ என்ற பெயரில் சண்டை பிடிப்பது நான்தான். உங்கள் இதழ் இருபத்திரண்டும் என் மெத்தைக்குக் கீழே பொலித்தீன் உறைக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவன் உங்களைச் சந்தேகப்படுகிறான் என்றால் விசயம் சின்னதில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வைகாசி இதழில் மெகாசொனிக் டீ-88க்கு நீங்கள் பத்துக்கு ஒன்பது கொடுத்தீர்கள். அதே இதழின் பின்னட்டையில் அதே போனுக்கு முழுப்பக்க விளம்பரம். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை, இன்றைக்கு அதைத் தவிர வேறொன்றையும் கவனிக்க முடியவில்லை. அண்டெனாவை இழுத்தால் டிவி தெரியும் என்றீர்கள். தெரிந்தது, செய்தி வாசிப்பவரின் நெற்றி மட்டும். எட்டு ஸ்பீக்கர் என்றீர்கள். காத்தான்குடியில் போன் திருத்தும் என் கூட்டாளி ஜிப்ரி மூடியைக் கழற்றிக் காட்டினான். இரண்டுதான் ஸ்பீக்கர், மற்ற ஆறும் ஓட்டை. “ஓட்டையும் சத்தத்துக்குத்தானே மச்சான்” என்று அவன் அதற்கும் ஞாயம் சொன்னான், ஏனென்றால் மெமரி கார்ட் போட இடம் இருக்கிற எந்தப் போனையும் அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். மற்றக் கூட்டாளி ஜெயந்தன் டோர்ச் அடிக்கிற பழைய பட்டன் போன்காரன். “போன் எண்டா விழுந்தா நிலம் உடையணும்டா. உண்ட சாமானக் கட்டில்ல வைக்கவே பயமா இரிக்கி” என்பான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் உங்கள் ஒன்பதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன் ஐயா.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா நிருஷா முன்பள்ளி ரீச்சர். சுனாமி வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு வேலை பார்க்க யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த மயூரன் என்பவருக்கு அக்காவைப் பிடித்துப்போனது. அக்காவுக்கு அவரைப் பிடித்தது அதற்கும் முந்தி. சண்டை முடிந்து பாதை திறந்ததும் அவர் ஊருக்குப் போய், தாய் தகப்பனிடம் சொல்லி, எங்கள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அப்பா பெயர் வினாயகமூர்த்தி. அவர் போனில் கதைக்க மாட்டார். சண்டைக் காலத்தில், ஆராவது ஒட்டுக்கேட்பார்கள் என்று, போனில் “ஓம், சுகம், வைக்கிறன்” என்ற மூன்று சொல்லுக்கு மேல் கதைக்காமல் பழகிய மனிதர். “குரல் பிடிபடும் மனே. எழுத்துக்குக் குரல் இல்லத்தானே, எழுதி அனுப்பு” என்றார். மயூரனின் போனில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரியும் என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

கலியாணப் பேச்சென்றால் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி குடி. உங்களுக்குக் கொழும்பில் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கட்டினால் அண்ணன் தங்கச்சியைக் கட்டின மாதிரி. அப்பா சொல்ல நான் அடித்தேன்: “தம்பி, உங்கட குடி என்ன?” அரை மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. “சத்தியமா எனக்குக் குடி இல்லை மாமா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி என்னை வாசிக்கச் சொன்னார். “குடி இல்லையாமா? தாயில்லாமப் பொறந்தவனா?” அம்மா அடுப்படியில் இருந்து, “தாய் சின்னதுலேயே செத்திருக்கும், பாவம் அந்தப் புள்ள” என்றா. அப்பா விடவில்லை. “எல்லாருக்கும் குடி இருக்கும்தானே தம்பி, மறைக்காமச் சொல்லுங்க” என்று அடிக்கச் சொன்னார். பதில்: “முந்தி கொஞ்சம் இருந்தது மாமா. கலியாணத்தோட விட்டுடுறன்.” அப்பா எழும்பியே விட்டார். “குடிய விடுறதா? இண்டைக்குக் குடிய விடுறவன் நாளைக்கு எண்ட புள்ளய விடமாட்டானா?” நான்தான் சமாளிப்போம் என்று, நேரே கேட்டால் தெளிந்துவிடும் என்று, மூன்றாவதை அனுப்பினேன்: “சரி, உங்கட அம்மாட குடியச் சொல்லுங்க.” அதற்குப் பதில் வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. “எங்கட அம்மா விரதம் பிடிக்கிற மனுசி. இப்பிடிக் கேட்டது சரியில்லை.” அதோடு போனை ஓப் பண்ணிவிட்டார்.

மூன்று நாளாக அவருடைய போன் ஓப். பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியக்கூடாது என்று மெசேஜ் ஒன்றையும் அப்பா அக்காவுக்குக் காட்டவில்லை. பேச்சு நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார். அக்காவின் சிம்மும் என் போனின் இரண்டாவது சிம் ஓட்டைக்குள்தான் கிடக்கிறது. அதனால் அவ என் போனைப் பார்க்கிறா, என்னைப் பார்க்கிறா, சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போறா. எனக்கு இருந்தது ஒரே வழிதான். “அப்பா, போன் சொல்லுகள மாத்துது” என்றேன். “அப்ப அதக் காட்டு. அடுத்த மாசத்துக்குள்ள காட்டல்லயெண்டா இந்தச் சம்பந்தம் முடிஞ்சுது, உண்ட போனும் வாவிக்குள்ள.”

ஜிப்ரியின் கடையில் மூன்று பேரும் கூடினோம். ஜெயந்தனுக்கு ஒரே சந்தேகம்தான். “ஓமந்தைச் செக்பொயின்றுக்கு அங்கால போற மெசேஜ ஒருத்தன் இருந்து வாசிச்சுப் போட்டுத்தான்டா விடுறான். வாசிக்கிறவனுக்குத் தமிழ் தெரியா. இடையில ஒரு சொல்லு மாறத்தான் செய்யும்.” ஜிப்ரி சந்தேகப்பட்டது டிக்சனரியை. நீங்கள் எழுதினீர்களே, “நாம் தொடங்கினால் போதும், மிச்சத்தைப் போன் தானே எழுதும்” என்று, அந்த டிக்சனரியைத்தான். சோதித்தோம். “உங்கட குடி என்ன” என்று ஜெயந்தனுக்கு அனுப்பினேன். ஒரு நிமிசத்தில் தன் குடியை அனுப்பினான். ஜிப்ரிக்கு அனுப்பினேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்களுக்கும் தாய்வழிக் குடி இருக்கிறதுதானே, அவனும் அனுப்பினான். பிறகு ஜிப்ரி திரையைப் பார்த்துக்கொண்டே, “எண்ட உம்மாட குடியே வந்திட்டு. எனக்கு விளங்குது, இவனுக்கு விளங்குது, வாசிச்ச ஆருக்கும் விளங்கும். அவருக்கு மட்டும் விளங்கல்லயெண்டா அது சாமான்ட பிழைதான் மச்சான்” என்றான். மூன்று பேரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

ஆகவே ஐயா, நான் கேட்பது இதுதான். டீ-88ஐ நீங்கள் உண்மையில் கையில் எடுத்துப் பார்த்தீர்களா, அல்லது பெட்டியில் இருந்ததைப் பார்த்து எழுதினீர்களா? அது யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் சொற்களை மாற்றுகிறது என்று அடுத்த இதழில் போடுங்கள். அந்த ஒன்பதைத் திருப்பி எடுங்கள். அதை வெட்டி அப்பாவிடம் காட்டினால்தான் என் அக்காவின் கலியாணம் நடக்கும். நடக்காவிட்டால் அந்த ஒன்பது உங்கள் கழுத்தில்தான் கிடக்கும். கோபத்தில் எழுதிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டாருக்குச் சுகமும், உங்கள் கந்தோருக்குக் கரண்டும், உங்கள் பேனாவுக்கு உண்மையும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் முழுதாகக் கைவிடாத வாசகன்,
வி. தனோஜன்

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். மூன்றாவது மெசேஜில் நின்று தலையில் கை வைத்துவிட்டா. “டேய் மொக்கன், அவங்கட ஊர்ல குடி எண்டா சாராயம் மட்டும்தான்டா. அந்த மனுசன்ட அம்மா என்ன சாராயம் குடிக்கிறா எண்டா நீயும் அப்பாவும் சேந்து கேட்டிருக்கிறீங்க?” செருப்பையும் ஒழுங்காகப் போடாமல் களுவாஞ்சிக்குடியில் காசுக்குக் கோல் எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போய் அவருடைய வீட்டுப் போனுக்கு எடுத்தா. “மூண்டு நாளா எனக்குத் தண்ணி குடிக்கவே பயமாக் கிடந்தது” என்றாராம். அப்பாவுக்கும் விளங்கப்படுத்தியாயிற்று. “அவங்களுக்குக் குடியே இல்லயெண்டா எங்கிட குடியோட முட்டாதுதானே” என்று சந்தோசமாகச் சம்மதித்தும் விட்டார். ஆகவே மேலே நான் எழுதிய ஒன்றும் சரியில்லை, டீ-88 ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, உங்கள் ஒன்பது சரி. ஆனால் இப்போது அப்பா போனை வாங்கி எல்லா மெசேஜையும் திரும்ப முதலில் இருந்து வாசித்துக்கொண்டு வந்து, இரண்டாவதில் நின்றுவிட்டார். “மனே, ‘முந்தி கொஞ்சம் இருந்தது’ எண்டு இரிக்கி. இது என்ன கொஞ்சம்?” ஆகையால் ஐயா, மற்ற இரண்டும் சரியாக வந்தவை என்றும், நடுவில் உள்ளதை மட்டும் போன் தானே எழுதியது என்றும் ஒரு கடிதம் அவசரமாகத் தரவும். தந்தால் ஒன்பதைப் பத்தாக்கி எல்லாப் போரத்திலும் போடுவேன். கந்தோர் முத்திரை கட்டாயம் குத்தவும். அப்பா எழுத்தை நம்புவதை விட்டுவிட்டார், முத்திரையை இன்னும் நம்புகிறார்.