மேக்ரே ஹவுஸின் கடைசி இடம்

பள்ளி நீச்சல் போட்டி அன்று காலை மேக்ரே ஹவுஸ் விடுதியில் ஒரு பையனுடைய நீச்சல் டிரவுசரும் இடுப்பில் நிற்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் ஹவுஸ் மாஸ்டர் நெவில் கார்மடி வராந்தாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில், அதுவும் குவீன்ஸ்லாந்தில், பிப்ரவரிக் கோடைக்கு ஈவு இரக்கமே கிடையாது.

போன வருஷம் பாதிப் பேர் "டிரவுசர் தொலைஞ்சுபோச்சு சார்" என்று வந்து நின்றார்கள். அதனால் இந்த வருஷம் முந்தின நாளே எல்லா டிரவுசரையும் வாங்கி, ஒரு மூட்டையாகக் கட்டி, துணி துவைக்கும் அறையில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தார். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் வெல்லா இப்போது அந்த மூட்டையோடு எதிரில் நின்றாள்.

"நான் போடல சார். காலைல பாத்தா எல்லாம் டிரையருக்குள்ள வெந்துகிட்டு இருக்கு. எலாஸ்டிக் பூரா செத்துப்போச்சு."

"சாவி உங்ககிட்டதான இருந்துச்சு?"

"பத்திரமா ஆணியில மாட்டியிருந்தேன்."

"அந்த ஆணி எங்க இருக்கு?"

"பசங்க குளிக்கிற ரூம் வாசல்ல."

கார்மடிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பதினோரு வருஷமாக இந்த ஹவுஸில் குடியிருக்கிறார். மூக்கில் ரத்தம் வந்தால் அவர். ரொட்டி கருகி அலாரம் அடித்தால் அவர். அம்மா ஞாபகம் வந்து எவனாவது அழுதால் அதற்கும் அவர்தான். அவர் வீட்டுக்கும் பையன்களின் அறைகளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஒருவன் பிஸ்கட் கடித்தால் இந்தப் பக்கம் இவருக்கு என்ன பிஸ்கட் என்றுகூடச் சொல்லத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்பே தலைமையாசிரியரிடம் போய், "என்னை விட்டுடுங்க, வெறும் பாடம் மட்டும் நடத்திட்டுப் போறேன்" என்று கெஞ்சினார்.

"கடைசியில கிடக்கிற ஹவுஸை எவன்யா எடுப்பான்?" என்றார் தலைமையாசிரியர். "ஒரே ஒரு வருஷம் நீச்சல் போட்டியில நாலாவது இடத்துலேர்ந்து மூணாவது இடத்துக்குத் தூக்கிக் காட்டு. அடுத்த திங்கக்கிழமையே உன்னை விட்டுடறேன்."

பள்ளியில் இருப்பதே நாலு ஹவுஸ். அன்றிலிருந்து மேக்ரே அந்த நாலாவது இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மனைவி லொரெயின் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன மாசம் யெப்பூன் கடற்கரையில் வாங்கிப்போட்ட வீட்டுக்குத் தனியாகவே போய்விட்டாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். இத்தனை வருஷம் வீட்டுக்குள் கத்திப் பேசிய இவர், இப்போது தினமும் ராத்திரி போனில் கத்த வேண்டியிருந்தது. "வந்துடறேன் லொரெயின்! இந்தத் தடவை கடைசி இடம் வராது! கடைசி வந்தாத்தானே ஹெட்மாஸ்டர் என்னை இங்கேயே கட்டிப்போடுவான்!"

"சார், ஒரு யோசனை," என்றான் ஹவுஸ் கேப்டன் டார்சி. ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவன், ஆறடி உயரம், பள்ளியிலேயே சிறந்த நீச்சல்காரன். "எங்க வீட்லேர்ந்து கொண்டுவந்த வைக்கோல் கட்டுற கயிறு இருக்கு. இடுப்புல கட்டிக்கலாம்."

"கட்டு, கட்டு. அவுந்துடாமப் பாத்துக்கோ."

அவிழவே இல்லை, அதுதான் தொல்லையாகிவிட்டது. குளத்தில் நனைந்ததும் முடிச்சு இரும்பாக இறுகியது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் மேக்ரே பையன்கள் குனிந்து முடிச்சைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதியது ஒருவன் காதிலும் விழவில்லை. மூன்று பந்தயம் அப்படியே போயிற்று.

"கயிற வெட்டித் தொலைங்கடா!" என்று கார்மடி கத்தினார்.

வெட்டினார்கள். அடுத்த பந்தயத்தில் மேக்ரே பையன்கள் ஒரு கையால் டிரவுசரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீந்தினார்கள். ஒரே கையால் நீந்தினால் நேராகப் போக முடியாது. அத்தனை பேரும் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, அக்கரையைத் தொடுகிற ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பாயிண்ட். தவழ்ந்து போனாலும் பாயிண்ட்தான். கார்மடி அதைத்தான் நம்பியிருந்தார். பொடியன் வில்ஃப் நாய் நீச்சல் அடித்து அக்கரைக்கு ஒரு முழம் தூரம் வரைக்கும் வந்துவிட்டான்.

"தொடுடா! கைய நீட்டித் தொடு!"

வில்ஃப் அவரைப் பார்த்துக் கையசைத்தான். பிறகு திரும்பி, வந்த வழியே நீந்திப் போய்விட்டான்.

"ஏண்டா திரும்பினே?"

"துண்டு அந்தப் பக்கம் இருக்கு சார்."

கார்மடி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். இனி டார்சிதான் கதி. நூறு மீட்டரில் அவனை யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்கவும் முடியவில்லை. பாதிக் குளம் வரைக்கும் முன்னால் போனவன் திடீரென்று நின்று தலைகீழாக முங்கினான். எல்லாரும் அவனைத் தாண்டிப் போன பிறகு, ஹூப்பர் ஹவுஸ் பையன் ஒருவனின் நீச்சல் கண்ணாடியைக் கையில் தூக்கிக்கொண்டு மேலே வந்தான்.

"பாவம் சார், அவனோடது கழண்டு விழுந்துடுச்சு."

"போட்டியில என்னடா பாவமும் புண்ணியமும்? ஏண்டா என் உசிர எடுக்கறே?"

"நீங்கதான சார் சொல்லிக்கொடுத்தீங்க, அடுத்தவனுக்கு ஒதவணும்னு."

எப்போது சொன்னோம் என்று கார்மடி யோசித்தார். சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷத்தில் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்.

கடைசியில் கணக்குப் பார்த்தபோது மூன்றாவது இடத்திலிருந்த ஹூப்பர் ஹவுஸைவிட மேக்ரே எட்டு பாயிண்ட் பின்னால் இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே பந்தயம், ஹவுஸ் மாஸ்டர்களின் டீ பந்தயம். கோட்டு, டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, தட்டில் ஒரு கப் டீயோடு குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி, குறுக்கே நடந்து அக்கரை போக வேண்டும். நெஞ்சளவு தண்ணீர். வேகம் கணக்கில்லை, கப்பில் யாருக்கு டீ அதிகம் மிச்சமோ அவருக்குப் பத்து பாயிண்ட். கார்மடி ஒரு வருஷமும் இறங்கியதில்லை, முதுகுவலி என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்ததைப் பார்த்து டார்சி ஓடி வந்தான்.

"சார், வேணாம் சார். உங்க முதுகு!"

"முதுகு கெடக்கு. தள்ளு."

"போன வாரம்தான டாக்டர் திட்டினாரு!"

"டாக்டரா வந்து இந்த ஹவுஸ்ல குடியிருக்காரு? தள்ளுடா!"

நாலு மாஸ்டர்களும் தண்ணீரில் இறங்கினார்கள். ஹூப்பர் ஹவுஸின் இளம் மாஸ்டர் பிராட் விளையாட்டு ஆசிரியர். விசில் ஊதியதும் எருமை மாதிரி பாய்ந்தார், நாலாவது அடியிலேயே அவர் கப்பில் டீ போய்க் குளத்துத் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கிளப்பிய அலையில் மற்ற இரண்டு பேரின் கப்பும் கவிழ்ந்தது.

கார்மடி மட்டும் மெதுவாக நடந்தார். அவரால் வேறு மாதிரி நடக்க முடியாது. பதினோரு வருஷமாகக் கையில் டீயோடு, பந்து பறக்கும், பையன்கள் முட்டும் வராந்தாவில் நடந்து பழகியவர். அலை வந்தால் தட்டை உயர்த்தினார், போனால் இறக்கினார்.

மேக்ரே பையன்கள் ஒருவர் விடாமல் எழுந்து நின்று கத்தினார்கள்.

"சார்! வில்ஃபுக்கு மூக்குல ரத்தம்!"

"ரொட்டி கருகுது சார்!"

"சார், பாத்ரூம் குழாய் உடைஞ்சுபோச்சு! சீக்கிரம் வாங்க!"

இந்தக் கத்தலெல்லாம் பதினோரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவருக்கு மரத்துப்போயிருந்தது. அவர் திரும்பவேயில்லை. யெப்பூன் கடற்கரையில் லொரெயின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு நடந்தார். அக்கரையில் ஏறியபோது கப் அநேகமாக நிறைந்தே இருந்தது. வாங்கிப் பார்த்த தலைமையாசிரியர் ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

"சூடுகூட ஆறலையே! பத்து பாயிண்ட்! மேக்ரே மூணாவது இடம்!" என்று அவர் கார்மடியின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். திங்கக்கிழமை பிராட் உன் வீட்டுக்குக் குடிவர்றான், ஹூப்பருக்கு வேற ஆளைப் பாத்துக்கலாம். நீ கெளம்பு."

கார்மடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் தன் பையன்கள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கினார்.

"டேய், ஜெயிச்சுட்டோம்டா!"

ஒருவனும் கை தட்டவில்லை. அத்தனை பேரும் டிரவுசரைப் பிடித்துக்கொண்டு எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். வில்ஃப் தேம்பித் தேம்பி அழுதான்.

"என்னடா ஆச்சு உங்களுக்கு?"

டார்சி துண்டை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"அந்தப் பலகைச் சுவர் வழியா நீங்க பேசறதும் எங்களுக்குக் கேக்கும் சார். ஆறு வருஷமா எவ்வளவு பாடுபட்டுத் தோத்து உங்கள இங்கயே வச்சிருந்தோம்... ஒரே ஒரு கப் டீயில எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!"