டீப்பேய்

செத்துப் போவதற்குள் ஒரு கண்ணாடி டீப்பாய் செய்தே தீருவது என்று ராஜையன் தீர்மானம் எடுத்தபோது அவருக்கு வயசு அறுபத்தொன்று. முப்பது வருசம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மற்றவர்கள் அங்கிருந்து தங்கம் கொண்டுவந்தார்கள். இவர் மூன்று பெட்டி நிறைய சிப்பியும் சோழியும் சங்கும் கொண்டுவந்தார். அந்தப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் கிடந்து கரப்பானுக்கு வீடாகிக்கொண்டிருந்தன. அதையெல்லாம் நாலுபேர் பார்க்க வேண்டாமா?

அயினிப் பலகை வாங்கினார். போனில் வீடியோ பார்த்து அறுத்தார், இழைத்தார். ஒரு கால் நீளம் என்று வெட்டினார், மறுகால் நீளமாயிற்று. அதையும் வெட்டினார். இன்னும் ரெண்டு வெட்டு வெட்டினால் டீப்பாய் மணையாகிவிடும் என்ற நிலையில் அவருடைய வீட்டுக்காரி குளோரி வந்து அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தாள். மேசை நின்றது. நடுவில் ஒரு தட்டு, தட்டில் சிவப்பு வெல்வெட்டு, மேலே எட்டு மில்லி கண்ணாடி. ஆவி படியாமலிருக்கப் பக்கப் பலகையில் விரல் நுழைகிற அளவுக்கு நாலு துளை.

வைக்கிற இடத்தில்தான் வம்பு. ஹாலில் வெளிச்சம் விழுவது ஒரே ஒரு ஜன்னலோரம். அங்கே குளோரியின் தையல் மிஷின் இருபத்திரண்டு வருசமாக நின்றது.

"எனக்க மிஷினை எங்க தள்ளிட்டுப் போவுதிய?"

"அடுக்களைச் சாய்ப்புக்கு. டீப்பாய்க்கு வெளிச்சம் வேணும்."

"எனக்குக் கண்ணுக்கு வேண்டாமா? ஆப்பரேசன் செய்த கண்ணாக்கும். கிறிஸ்மசுக்கு நாப்பது ஜம்பர் தைக்கக் கிடக்கு. அந்த இருட்டுல ஊசி தெரியுமா?"

"ஊசிக்கும் ஒரு கண்ணு உண்டும் இல்லியா? அது பாத்துக்கிடும்."

குளோரி அவரை ஒருதரம் பார்த்தாள். "செரி" என்றாள்.

முப்பத்தஞ்சு வருசத் தாம்பத்தியத்தில் அவள் சண்டை போட்ட நாட்களில் ராஜையன் ஜெயித்தது உண்டு. 'செரி' சொன்ன நாட்களில் ஜெயித்ததே கிடையாது. அன்றைக்கு அது அவர் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் குளோரி பிறந்த ஊரான இனயத்துக்குப் போய், தம்பி மரியானிடமிருந்து அஞ்சு சங்கு வாங்கிவந்தாள். "எங்க ஊருச் சங்கு இல்லாம ஒரு மேசையா?" என்று, அவர் பரப்பியிருந்த மஸ்கட் சிப்பி, சங்குகளுக்கு நடுவே தன் கையாலேயே வெல்வெட்டில் அடுக்கினாள். ராஜையனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கண்ணாடியை வைத்து, ஒரு தூசி போகாமல் விளிம்பெல்லாம் பசையிட்டு அடைத்தார்.

அன்றைக்கு மூவந்தி, விளக்கு வைக்கிற நேரம். மழை. கரண்டு போய்விட்டது. காற்று தெற்கே நின்று வீசினால் அவர்கள் வீட்டில் கடல் கேட்கும். அன்றைக்கு அது வாசல்படியில் வந்து மூச்சு விடுவதுபோலக் கேட்டது. ராஜையன் சீனியில்லாத காப்பியோடு டீப்பாய் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

கிர்ர்ர்.

மரத்தை நகம் கீறுகிற சத்தம். நின்றது. மறுபடியும் கிர்ர்ர்.

போன் லைட்டை அடித்தார். நடுவில் வைத்த பெரிய சங்கு நடுவில் இல்லை. தெற்கு மூலையில் இருந்தது. வெல்வெட்டில், அது இருந்த இடத்திலிருந்து மூலைவரை, ஊசியால் இழுத்ததுபோல மெல்லிய கோடு.

"ஏட்டி குளோரி! இதை நீ தொட்டியா?"

"நீங்கதானே பசை போட்டு அடைச்சிய. நான் எப்பிடித் தொடுவேன்?"

அது நியாயம்தான். அந்த நியாயத்துக்காகவே அவர் காப்பியோடு நாற்காலியை ரெண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

அடுத்த மூவந்தியில் அஞ்சு சங்கும் தெற்கோரமாக வரிசையில் நின்றன. வாயைப் பலகையில் ஒட்டிக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் காத்துக்கிடக்கிற சனம்போல. ராஜையன் குனிந்தார். துளை வழியே சிவப்பாக, நகம்போல ஒன்று வெளியே வந்தது. காற்றைத் தடவிப் பார்த்தது. உள்ளே போயிற்று.

காப்பி டம்ளர் உருண்டது.

"ஏட்டி! இது டீப்பாய் இல்லட்டி, டீப்பேய்!"

"சத்தம் போடாதீங்க. அதுகளுக்குச் சத்தம் ஆவாது."

"எதுகளுக்கு?"

"உள்ள இருக்கியதுகளுக்கு."

"உள்ள ஆரு இருக்கா?"

"சங்குக்கு ஒண்ணு" என்றாள் குளோரி, சாவகாசமாகத் தரையைத் துடைத்துக்கொண்டு. "முதல்ல குடியிருந்தது செத்துப்போவும். காலி வீட்டுக்குள்ள இது வந்து ஏறும். பகல்ல அவ்வளவா அசையாது. மூவந்தி ஆனா இறங்கும். எங்க ஊருல பாலு குடிக்கிய பிள்ளைக்கும் தெரியும்."

"தெக்கே எதுக்குப் போவுது?"

"கடலு அங்கதானே கிடக்கு."

ராஜையன் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். "வேற என்ன செய்யும்?"

"பிடிச்ச வீடு கண்டா மாறும்."

அன்றைக்கு அவர் ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு அடைத்துக்கொண்டு படுத்தார். விடிந்து வெளிச்சம் வந்தபிறகு தைரியமாக எட்டிப்பார்த்தார். இனயத்துப் பெரிய சங்கு காலியாக, மல்லாந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இருந்த மஸ்கட் சங்கு, முப்பது வருசம் பெட்டிக்குள் அசையாமல் கிடந்த சங்கு, அவர் கையால் சோப்புப் போட்டுக் கழுவிய சங்கு, அவர் கண் முன்னால் மெதுவாக எழும்பி, ரெண்டு அடி எடுத்துவைத்து, அவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"குளோரீ! மஸ்கட்டுக்கும் பிடிச்சாச்சுட்டி! நான் என்ன செய்யணும், சொல்லு!"

"குருசடியில போய் ஒரு நேர்ச்சை வச்சா மனசு சமாதானப்படும்."

ராஜையன் சி.எஸ்.ஐ. சபைக்காரர், புனிதர்களுக்கு நேர்ச்சை வைக்காத கூட்டம்; குளோரி பிறப்பில் கத்தோலிக்கக்காரி. மெழுகுதிரி கொளுத்தினால் மோட்சம் என்றால் கரண்டு ஆபீஸ்காரனெல்லாம் நரகத்துக்கா என்று கேட்டு, முப்பத்தஞ்சு வருசமாகக் குளோரியின் நேர்ச்சைகளைக் கேலிபண்ணியவர். அவர்தான் அன்றைக்குக் காலையில் இனயத்து அந்தோணியார் குருசடி என்கிற சின்னச் சிலுவைக்கோயிலில், ஆளுயர மெழுகுதிரியோடு நின்றார். மச்சினன் மரியான் சாட்சி.

"என்னண்ணு நேரணும்?" என்று குளோரியிடம் குசுகுசுத்தார்.

"எது போனா உங்களுக்கு வலிக்குமோ, அதை நேரணும்."

ராஜையன் கண்ணை மூடினார். "ஜன்னலோரம் இனி சாவுந்தட்டியும், கடைசிவரைக்கும், குளோரிக்கு. எனக்க சாமான் ஒண்ணும் அங்க வைக்க மாட்டேன். ஆமென்."

பிறகு மூன்றுபேரும் கடற்கரைக்குப் போனார்கள். குளோரி காலையிலேயே கண்ணாடியைப் பெயர்த்துப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த சங்குகளை மணலில் வைத்துவிட்டு ராஜையன் கைகூப்பி, குடியிருந்த ஆத்துமாக்களுக்காக மனமுருகி ஜெபித்தார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தார். மஸ்கட் சங்குக்குக் கீழே சிவப்பாகக் கால் முளைத்திருந்தது. சங்கு ஓடியது. மற்ற நாலும் அதன் பின்னால் ஓடின.

"நண்டு!" என்றார் ராஜையன்.

"பின்ன என்ன அத்தான், ஆனையா?" என்று மரியான் மணலில் உருண்டு சிரித்தான். "நல்லா தடிச்சிருக்கே! அக்கா, துளை வழியா தேங்காப்பூ போட்டியா?"

ராஜையன் குளோரியைப் பார்த்தார். "பொய் சொல்லி என்னை ஏமாத்திட்ட."

"ஒரு பொய் சொன்னேனா? உள்ள இருக்குன்னேன். குடி மாறும்னேன். நண்டான்னு நீங்க கேட்டியளா?"

"அந்த நேர்ச்சை செல்லாது! நான் சி.எஸ்.ஐ!"

"அப்ப ஞாயித்துக்கிழமை சபையில எழும்பி நின்னு சாட்சி சொல்லுங்க. நண்டுக்குப் பயந்து அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்னு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, சபைக்காரர்கள் யாராவது ஏறுகிறார்களா என்று ராஜையன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப்பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் மிஷின் ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் டீப்பாய். குளோரி அதன்மேல் ஒரு ஜம்பர் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்க சாமான் அங்க வைக்கப்பிடாதே" என்றார் ராஜையன், கடைசி நப்பாசையில்.

"அதனாலதான் இது இப்ப எனக்க சாமான். கண்ணாடியில துணி வழுக்குது. இந்தத் தலைப்பைக் கொஞ்சம் பிடியுங்க."

வெளியே மூவந்தி. காற்று தெற்கே நின்று வீசியது. ராஜையன் தள்ளி நின்றபடியே கையை மட்டும் நீட்டித் துணியைப் பிடித்தார்.

"கிட்ட வந்து பிடியுங்க" என்றாள் குளோரி. "உள்ள ஒண்ணும் இல்ல."