ரெமிஜியஸின் இரண்டு தோள்கள்

தொண்ணூற்றொன்பதில் பெங்களூரில் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போடாதவன் மனுஷனே இல்லை. தெருவுக்குத் தெரு முகாம். போட்டுக்கொண்டவர்கள் தடுப்பூசி அட்டை வெளியே தெரிகிற மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்தார்கள். அல்சூர் பெயிண்டர் ரெமிஜியஸும் ஊரோடு ஒத்துப் போவோமே என்று வலது கையைக் காட்டினார். முகாமில் ஊசி போடுகிற ஆள் அதை நேரே தோள் மூட்டில் இறக்கிவிட்டார். அதோடு சரி, கை மார்புக்கு மேலே ஏறவில்லை. கை ஏறாத பெயிண்டரை யார் கூப்பிடுவார்கள்? அந்தக் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிற வீடெல்லாம் வேறு ஆளுக்குப் போயிற்று.

"சும்மா விடாதீங்க, மனு குடுங்க," என்றாள் மனைவி பிரிஜெட்.

தடுப்பூசி இழப்பீட்டு விசாரணை அதிகாரி வெங்கடசுப்ரமணியன் தங்கமான மனுஷர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு டோஸ்தானே ஆகியிருக்கு? மூணு போட்டாத்தாங்க தடுப்பூசி. போடாத ஊசிக்கு எப்படி நஷ்டஈடு?"

"போட்டதாலதானே சார் கை போச்சு!"

"அது உங்க வலி. நான் சொல்றது ரூல்ஸ். முடிச்சுட்டு வாங்க."

அட்டையில் ஒரே முகாமின் முத்திரைதான் இருக்க வேண்டுமாம். ஆகவே அதே முகாம், அதே ஆள். இருக்கிறதைக் காப்பாற்றுவோம் என்று ரெமிஜியஸ் யோசிக்கவில்லை. போன கையை எதற்கு மேலும் நோகடிப்பது என்று இடது கையைக் கொடுத்தார். அதுவும் போயிற்று. பிரிஜெட்தான் சட்டை மாட்டி, தலை வாரிவிட்டாள். ஆறாம் மாதம் மூன்றாவது ஊசியை அந்த ஆளே இரக்கப்பட்டுத் தொடையில் போட்டார்.

மூன்று முத்திரையோடு திரும்பிப் போனதும் அதிகாரி அளவு நாடாவை எடுத்தார். "கெட்ட கை நல்ல கையைவிட எவ்வளவு இறக்கமா நிக்குதோ, அதுதான் ஊனம்." அளந்தார். "வித்தியாசம் பூஜ்யம். ரெண்டும் சமம். சந்தோஷமா போயிட்டு வாங்க."

"ரெண்டுமே ஏறல சார்!"

"அதைத்தானே எழுதியிருக்கேன்? வித்தியாசம் இல்லைன்னு."

ரெமிஜியஸுக்கு அழுகையே வந்துவிட்டது. பிரிஜெட் வராந்தாவில் அவரவர் மனுவோடு நின்ற வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "ஐயோ, இது அடுக்குமா? நீங்களே சொல்லுங்க!"

"தாராளமா கேட்போம், ஜனநாயகம்தானே," என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். "இது தப்புன்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க. பேரு, பைல் நம்பர் குறிச்சுக்கறேன். மனுதாரர் சம்சாரம் கணக்குல வராது."

ரெமிஜியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தார்; ஏறவில்லை. வரிசையில் நின்ற மற்ற நாற்பது பேருக்கும் தோளில் ஒரு குறையும் கிடையாது. ஒரு கைகூட எழவில்லை.