நான்காம் நம்பர் சைலன்சர் குறித்து மச்சானுக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாள் முதல் உங்களுக்கு அடங்கி நடந்துவரும் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும், அக்காவும், உங்கள் முழங்கால் வலியும் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதற்கு விவரமாகப் பதில் போடவும்.

நிற்க. செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை உங்களுக்குப் போன் போட்டு, "அண்ணா, நீங்க குடுத்த வண்டியை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொன்னதாகவும், நீங்கள் உடனே மாதக் கடைசியில் லாரி அனுப்புவதாக ஒத்துக்கொண்டதாகவும் அறிந்தேன். என்ன மச்சான் இது, என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? லாரிக்காரரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். கீழே கண்ட விவரங்களைப் படித்த பிறகும் வண்டியைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நானே துடைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் காரைக் காலையில் வெளியே எடுத்தபோது, சைலன்சர் துருப்பிடித்து இற்றுப்போய்த் தெருவிலேயே கழன்று விழுந்துவிட்டது. உங்கள் வண்டிக்கும் வயது நாற்பதாகிறது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அது விழுந்த இடம் நம் மாடியில் இருக்கும் பல் டாக்டரின் கிளினிக்குக்கு நேர் கீழே. வண்டி போட்ட சத்தத்தில் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திடுக்கிட்டு வாயை மூட, உள்ளே டாக்டரின் விரல் இருந்திருக்கிறது. அவர் விரலில் கட்டோடு வந்து நம் வாசலில் நின்றார். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை மச்சான், விரலை மட்டும் காட்டினார். உங்கள் தங்கை அப்போதே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "ஒரே ஒரு சைலன்சர், ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறமும் சத்தம்னு சொல்லி யாராவது இந்த வாசல்ல வந்து நின்னாங்கன்னா, வண்டி எங்க அண்ணன் வீட்டுக்கு."

ஆக, ஒரே தடவையில் சரியாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பழைய மாதிரி சைலன்சர் இப்போது யாரும் செய்வதில்லை; வெளிக் கம்பெனி பைப்தான். எல்லோரும் 'குழாய் மாஸ்டர்' என்று கூப்பிடும் வெல்டிங்காரரிடம் போனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே பாடம் எடுத்தார். "சார், இது டர்போ வண்டி. வெளிய போற புகையே ஒரு சக்கரத்தைச் சுத்தி, உள்ள காத்தை அழுத்தி அனுப்புது. வெளிய போற வழி குறுகலா இருந்தா இன்ஜினுக்கு மூச்சு முட்டும். ஒல்லி பைப் போட்டா சத்தம் வராது, வண்டியும் நகராது. தடி பைப் போட்டா பறக்கும், தெருவே எழுந்து நிக்கும். நடுவாந்தரமா ஒண்ணு இருக்கு, அதை வாங்கிட்டுப் போனவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்குங்குறாங்க, ஆனா பெருசா சந்தோஷப்படலை." போகிற புகையைக் கூட விடாமல் வேலை வாங்கி அனுப்புகிற ஏற்பாடு என்றதும் எனக்கு எங்கள் பழைய மேனேஜர் ஞாபகம் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்ட கழுத்தோடு என்னை உட்கார வைத்து மூன்று ஃபைல் முடிக்கச் சொன்னவர் அவர்.

முப்பத்திரண்டு வருடம் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஒரு குண்டூசியைக் கூட அவசரப்பட்டு வாங்கியதில்லை. பல சாமான்களை வாங்கியதே இல்லை. எனவே முறைப்படி கமிட்டி போட்டேன். பல் டாக்டர் பாதிக்கப்பட்ட தரப்பின் பிரதிநிதி, மாஸ்டர் தொழில்நுட்ப உறுப்பினர், மகள் பொதுமக்கள் சார்பில். உங்கள் தங்கையைத் தலைமை தாங்கச் சொன்னேன், "எனக்கு பீன்ஸ் நறுக்கணும்" என்றுவிட்டாள். சனிக்கிழமை என் போனை மாஸ்டர் கடையிலேயே விட்டுவந்து, அந்த மூன்று பைப்பும் மாட்டிய வண்டிகளின் சத்தத்தைப் பதிவு பண்ணச் சொல்லி மாலையில் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை கமிட்டி கூடியபோது பார்த்தால் போனில் நான்கு பதிவு இருந்தது. பரவாயில்லையே, மாஸ்டர் ஒன்று கூடவே போட்டிருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டு, எது எந்தப் பைப் என்று யாருக்கும் தெரியாதபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் மட்டும் கொடுத்தேன். பாரபட்சம் இருக்கக் கூடாது பாருங்கள்.

ஒன்றைக் கேட்டு மகள் கொட்டாவி விட்டாள். இரண்டுக்கு டாக்டர் "பரவால்ல" என்றார். மூன்று ஆரம்பித்ததும் விரலை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டார். நான்கைப் போட்டேன். மச்சான், என்ன சொல்வேன்! அடிவயிற்றிலிருந்து எழும்பி, நிதானமாக உச்சிக்குப் போய், அங்கே ஒரு கணம் நின்று, உஸ்ஸென்று இறங்கியது. டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "இதைக் கேட்டா என் பேஷண்ட் தூங்கியே போயிடுவாங்க சார், ஊசி மிச்சம்" என்றார். மகள் "செம கம்பீரம்பா" என்றாள். மாஸ்டர் மட்டும் முகம் கறுத்துப்போய், "யார் கடையில போட்டது சார் இது?" என்று கேட்டார். அவர் தன் சரக்கையே கண்டுகொள்ளாத மாதிரி நடித்து என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "பரிசீலனை முடியுற வரைக்கும் அதைச் சொல்லக் கூடாது மாஸ்டர்" என்றேன் மிடுக்காக. அவர் போனைக் காதோடு வைத்து இன்னொரு தடவை கேட்டார். "நல்ல வேலைதான். ரெண்டரை இஞ்சு பைப், நடுவுல ஒரு சின்னப் பெட்டி. ஆனா ஒரு இடத்துல காத்து விடுது சார், ஜாயிண்ட்டு சரியில்ல." நான்காம் நம்பர் ஏகமனதாகத் தேர்வு என்று எழுதி, மூவரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் பீன்ஸ் தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. உங்கள் தங்கை சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணி. "அது ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க விட்ட குறட்டை! இல்லவே இல்லைன்னு இத்தனை வருஷமா சாதிக்கிறீங்களேன்னு உங்க போன்லயே பிடிச்சு வெச்சேன்!"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையெழுத்தான தீர்மானத்தை மாற்ற முடியாது. மற்ற மூன்றில் எதையாவது போடலாம் என்றால் டாக்டர், "நான் ஒத்துக்கிட்டது நாலை மட்டும்தான்" என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே வாசலில் வந்து நின்றார். உங்கள் தங்கை போனை எடுத்தது அப்போதுதான். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை மச்சான். சும்மா சொல்லவில்லை. வேலையை விட்ட பிறகு காலையில் எழுந்தால் எனக்கு என்று இருப்பது அந்த வண்டி ஒன்றுதான். அதன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால்தான் எனக்குப் பொழுதே விடிகிறது. அது போய்விட்டால் நான் பேப்பரில் இரங்கல் விளம்பரங்களைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மாஸ்டர்தான் தெய்வம் மாதிரி வந்தார். தொழில் ரோஷம் அவரைத் தூங்க விடவில்லையாம். "குறட்டையோ என்னவோ, அந்தச் சத்தத்தை நான் கொண்டுவர்றேன் சார். ஜாயிண்ட்டும் டைட்டா இருக்கும்" என்று என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு தடவை வெட்டி, நாலு தடவை ஒட்டி, வியாழக்கிழமை மாட்டியே விட்டார். ஸ்பீட் பிரேக்கரில் கூட இடிக்கவில்லை. வண்டி இழுக்கிறது, சத்தமும் அடக்கம். டாக்டர் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனவே இனி ஒருவரும் வாசலுக்கு வரப்போவதில்லை, லாரிக்கும் வேலையில்லை என்பதைப் பெருமகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசிகள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை உங்கள் தங்கை, "அப்படி என்னதான் செஞ்சிருக்காரு, பாக்கலாம்" என்று முதல் தடவையாக வண்டியில் ஏறினாள். கடைத்தெரு தாண்டுவதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டாள். "வீட்டுலதான் தினமும் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். காருக்குள்ளயுமா? இறங்குங்க" என்று என்னைப் பக்கத்து சீட்டில் தள்ளி, தானே நேராக மாஸ்டர் கடைக்கு ஓட்டிப்போய் மூன்றாம் நம்பரை மாட்டச் சொல்லிவிட்டாள். ஆமாம், அந்தத் தடி பைப்தான். கமிட்டி, கையெழுத்து என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. திரும்பி வரும்போது டர்போ பிடித்ததும் அவள் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. ஐந்து ரவுண்டு போயிருக்கிறாள், ஐந்தும் இந்தத் தெருவிலேயே. இப்போது டாக்டர் மணி அடித்துக்கொண்டு நம் வாசலில் நிற்கிறார். "நான் வீட்டுல இல்லைன்னு சொல்லி அனுப்புங்க" என்று சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் தங்கை சொல்கிறாள், வண்டிச் சாவி அவள் கையில். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.