தர்மபுரி மாவட்டத்தின் ஒரு கிலோமீட்டர் கடற்கரை

எழில்மிகு கடற்கரைகளையும் கவின்மிகு கடலோர ஊர்களையும் பொதுமக்கள் கண்டு களிக்க வேண்டும் என்ற உயரிய நோக்கத்துடன், எல்லா மாவட்டங்களும் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று ஆணை வந்தது. காரிமங்கலம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பூவிழி படிவத்தைத் திறந்தாள். ‘கடற்கரையின் நீளம்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். கட்டம் சிவந்தது.

“சார், பூஜ்யம் எடுக்க மாட்டேங்குது.”

“வேற எவ்வளவுதான் எடுக்குமாம்?” என்றார் அதிகாரி அறிவழகன்.

“குறைஞ்சது ஒரு கிலோமீட்டர் சார்.”

“அப்ப ஒண்ணு போடும்மா. அஞ்சு மணிக்குள்ள போகணும். நாம என்ன பேராசையா படறோம்?”

அடுத்த கட்டம் கடற்கரையின் பெயரைக் கேட்டது. எட்டு வருஷமாக வறண்டு கிடக்கும் புங்கம்பட்டி ஏரியின் பெயரை எழுதினாள். அங்கே மணல் இருந்தது. பாதிக் கடற்கரை தயார்.

மறு மாதம் விவசாயி மாது வந்தார். ஏரியை ஒட்டி அவருக்கு முக்கால் ஏக்கர் தக்காளி. கிணறு வற்றிவிட்டது. ஆழப்படுத்த அனுமதி கேட்டு நாலு மாதமாக நடக்கிறார். இன்னும் பத்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் செடி சுருண்டுவிடும்.

“அனுமதி கிடையாதுங்க,” என்றார் அறிவழகன். “கடலோரத்துல கிணறு தோண்டினா உப்புத்தண்ணி உள்ள வந்துரும்.”

“எந்தக் கடலுங்க?”

“உங்க வூட்டுக்கு எதிர்ல இருக்கறதுதான்.”

“அங்க மாடு மேயுதுங்களே!”

“அதுவும் தப்பு. கடலுக்குள்ள மாட்டை விடக்கூடாது.”

“கடலே இல்லைன்னு திருத்திடுங்க சார்.”

“இருந்த கடல் எங்க போச்சுன்னு மேல கேப்பாங்களே. கடலைக் காணோம்னு பக்கத்து நிலத்துக்காரங்க ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

அதற்குள் கடற்கரைப் பட்டியல் வெளியாகி, பெங்களூர் கார்கள் நெடுஞ்சாலையிலிருந்து ஏரிப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தன. முதல் பக்கத்து நிலத்துக்காரரான ஜாவீத் ஏரி நடுவில் குடை நட்டு மீன் வறுத்துக்கொண்டிருந்தார். “தண்ணி எங்கங்க?” என்று கேட்டவர்களிடம், “கடல் உள்வாங்கியிருக்குது, சாயந்திரம் வந்துரும்,” என்றார். அவர்களும் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“கடல் இல்லைன்னு எப்படிண்ணா கையெழுத்துப் போடறது?” ஜாவீத் மீனைத் திருப்பிப் போட்டார். “மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதில்ல?”

இரண்டாமவரான நிர்மலா தன் மாட்டுக்கொட்டகையில் ‘கடலைப் பார்த்த அறை வாடகைக்கு’ என்று பலகை மாட்டியிருந்தாள். மாது கேட்டதும், “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணா, அலையில ஒண்ணுமே கேக்கல,” என்றாள்.

பதினோராம் நாள் தக்காளி சுருண்டது. மாது செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிலத்தைச் சமன்படுத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே அறுபது கார்கள் நின்றன.

ஆறு மாதம் கழித்து, படிவத்தில் பூஜ்யம் ஏற்கும் வசதி செய்து தரப்பட்டது. பூவிழி உடனே திருத்தி அனுப்பினாள். கடல் ரத்தானது. கிணற்று அனுமதியை எடுத்துக்கொண்டு அறிவழகனே நேரில் கிளம்பினார்.

புங்கம்பட்டிக்குள் ஜீப் நுழைய முடியவில்லை. ‘எங்கள் கடலைத் திருப்பிக் கொடு’ என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் மாது.

“மாது, கடலை எடுத்தாச்சுங்க. இந்தாங்க, கிணத்துக்கு அனுமதி.”

மாது கை நீட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பொறந்ததுலேர்ந்து கடலைப் பாத்துப் பழகின கண்ணுங்க சார் இது. இப்பப் போயி கிணத்தைக் காட்டறீங்களே!”